பார்பரா ஸ்டான்விக் பற்றிக் கேளுங்கள்

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் மணிக்கணக்கில் பேசக்கூடிய நடிகை பார்பரா ஸ்டான்விக். பேசும் படம் வந்த புதிதில் ஹாலிவுட்டுக்குள் நுழைந்தவர். எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள், அதன்பிறகு தொலைக்காட்சி என்று 1980கள் வரை வேலை செய்தார். அவரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஓரிரு இடங்களில் கதையின் முடிவைச் சொல்ல வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, அது அவருடைய சொந்தப் பெயரா? சின்ன வயதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர் என்று படித்தேன்.

சொந்தப் பெயர் ரூபி கேத்தரின் ஸ்டீவன்ஸ். 1907 ஜூலை 16 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. நான்கு வயதில் தாய் இறந்துவிட்டார். ஓடும் டிராமிலிருந்து ஒரு குடிகாரன் இடித்துத் தள்ளியதில் விழுந்தவர் பிழைக்கவில்லை. கொஞ்ச நாளில் அப்பா, பனாமா கால்வாய் வெட்டும் வேலைக்கென்று கப்பல் ஏறினார். திரும்பி வரவேயில்லை.

மூத்த அக்கா மில்ட்ரெட் மேடை நடனக்காரி. அவர் ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் ரூபி யார் யார் வீட்டிலோ காசுக்கு வளர்ந்தார். பதினான்கு வயதில் படிப்பு நின்றது. தொலைபேசிக் கம்பெனியில் வேலை, அப்புறம் இரவு விடுதிகளில் நடனம், பதினாறு வயதுக்குள் புகழ்பெற்ற ஸீக்ஃபெல்ட் நடனக் குழுவில் இடம். 1926இல் 'தி நூஸ்' என்ற பிராட்வே நாடகத்தில் நடிக்கும்போதுதான் பெயர் மாறியது. பழைய நாடக விளம்பரம் ஒன்றில் இருந்த நாடகத் தலைப்பிலிருந்து பார்பராவையும் அதில் நடித்தவர் பெயரிலிருந்து ஸ்டான்விக்கையும் எடுத்துச் சேர்த்தார்கள்.

இந்தப் பிள்ளைப் பருவத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் நடித்த பெண்களில் பாதிப் பேர் யாரையும் நம்பிப் பிழைக்க முடியாதவர்கள். அந்த விழிப்பு அவர் கண்ணில் எப்போதும் இருக்கும். நடிப்புப் பள்ளி எதற்கும் அவர் போனதில்லை.

கேள்வி: நாடகத்திலிருந்து சினிமாவுக்கு எப்படி வந்தார்?

சிரமப்பட்டுத்தான். 1928இல் ஃபிராங்க் ஃபே என்ற மேடை நகைச்சுவை நடிகரைத் திருமணம் செய்து, அவரோடு ஹாலிவுட் போனார். அப்போது பெரிய நட்சத்திரம் ஃபேதான், இவர் இல்லை. முதலில் வந்த பேசும் படங்கள் ஓடவில்லை. நொந்துபோயிருந்த நேரத்தில் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவைப் பார்க்கப் போனார். இவர் வெடுக்கென்று பேச, அவருக்குப் பிடிக்காமல் போக, அழுதுகொண்டே வீடு திரும்பினார். ஃபே உடனே காப்ராவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏற்கெனவே எடுத்த ஒரு சோதனைப் படச்சுருளையாவது பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். வேண்டாவெறுப்பாகப் போட்டுப் பார்த்த காப்ராவுக்கு முப்பதே நொடியில் தொண்டை அடைத்துவிட்டதாம். காப்ராவே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படி வந்ததுதான் 1930இல் வெளியான 'லேடீஸ் ஆஃப் லெஷர்'. அதற்குப் பின் காப்ராவோடு மேலும் நான்கு படங்கள்.

அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. இவர் ஏற ஏற ஃபே இறங்கினார், குடியும் அதிகமானது. 1935இல் பிரிந்தார்கள். பிறகு நடிகர் ராபர்ட் டெய்லரை 1939இல் மணந்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதுவும் முடிந்தது. ஆனாலும் 1964இல் 'தி நைட் வாக்கர்' படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள்.

கேள்வி: 'முதல் டேக்கிலேயே முடித்துவிடுவார்' என்கிறார்களே, அது மிகையா?

மிகை இல்லை. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

காப்ரா முதல் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். முதல் முறை நடிக்கும்போது ஸ்டான்விக் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார். இரண்டாவது, மூன்றாவது டேக்கில் அது வடிந்துபோகும். மற்ற நடிகர்களுக்கோ ஒத்திகை பார்க்கப் பார்க்கத்தான் சூடு பிடிக்கும். என்ன செய்வது? காப்ரா இவரை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் ஒத்திகை பார்க்க வைத்தார். இவரிடம் தனியாகப் போய்க் காட்சியைப் பற்றி அமைதியாகப் பேசுவார். பிறகு தூரக் காட்சிக்கும் நெருக்கக் காட்சிக்கும் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டு எடுப்பார். ஒலிப்பதிவு ஆரம்ப நிலையில் இருந்த காலம். கேமராக்களைச் சத்தம் கேட்காத கூண்டுகளில் அடைத்துவைத்திருந்தார்கள். ஒருவருடைய நடிப்புக்காக அத்தனை பேரும் தங்கள் வேலை முறையை மாற்றிக்கொண்டார்கள் என்றால் பாருங்கள்.

நாடக மேடையில் வளர்ந்தவருக்கு இரண்டாவது டேக் என்ற வசதியே கிடையாது. அந்தப் பழக்கம் போகவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'தி லேடி ஈவ்', 1941. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் இயக்கியது. கப்பலில் சீட்டாடி ஏமாற்றும் பெண்ணாக ஸ்டான்விக், பாம்பு ஆராய்ச்சி தவிர வேறொன்றும் தெரியாத பணக்காரப் பையனாக ஹென்றி ஃபோண்டா. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாப் பெண்களும் அவனை வளைக்கப் பார்க்கிறார்கள். ஸ்டான்விக் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் அத்தனையையும் பார்த்தபடி ஒவ்வொருத்தியும் என்ன செய்யப் போகிறாள் என்று நேரடி வர்ணனை கொடுப்பார். கடைசியில் அவன் எழுந்து போகும்போது காலை நீட்டித் தடுக்கிவிடுவார். அவ்வளவுதான், பையன் தீர்ந்தான்.

அதற்கு முன் பெரும்பாலும் அழவைக்கும் படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர் இவர். நகைச்சுவை இவ்வளவு லாகவமாக வரும் என்று கண்டுகொண்டவர் ஸ்டர்ஜஸ். ஆடை வடிவமைப்பாளர் எடித் ஹெட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் படத்துக்குப் பிறகுதான் ஸ்டான்விக்கை ஒய்யாரமான பெண்ணாகவும் உலகம் பார்த்தது.

கேள்வி: 'டபுள் இண்டெம்னிட்டி' வில்லி வேடத்தை ஏற்கப் பயந்தாராமே?

ஆமாம், பயந்தார். அதுவரை நடித்த கெட்ட பெண்களுக்கெல்லாம் கடைசியில் ஒரு நியாயம் இருக்கும். இவளுக்கு அது இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காகப் புருஷனைக் கொல்லத் திட்டமிடும் ஃபிலிஸ். நாயகி வேடங்கள் நடித்துவிட்டு இப்படி ஒரு கொலைகாரியா என்று தயங்கியபோது இயக்குநர் பில்லி வைல்டர், நீ எலியா, நடிகையா என்று கேட்டாராம். நடிகை என்றுதான் நம்புகிறேன் என்றார் இவர். அப்படியானால் நடி என்றார் வைல்டர்.

1944இல் வந்த அந்தப் படத்தில் கொலை நடக்கும் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். காரை ஓட்டுவது ஃபிலிஸ். பக்கத்தில் கணவன், பின் இருக்கைக்குக் கீழே காதலன். கழுத்து நெரிபடுவதை வைல்டர் காட்டவில்லை. கேமரா ஸ்டான்விக் முகத்தை விட்டு நகராது. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த முகத்தில் மெல்ல ஒரு திருப்தி பரவும். முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். எந்தத் தசை அசைகிறது என்று இன்னும் என்னால் பிடிக்க முடியவில்லை.

அந்தப் பொன்னிற முடி விக். படப்பிடிப்பு நடந்தபோதே கேலி செய்தார்கள். எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது. அவளிடம் எல்லாமே போலி.

கேள்வி: மேடம், இவ்வளவு பெரிய நடிகைக்கு ஆஸ்கர் கிடைக்கவே இல்லையா?

போட்டியில் கிடைக்கவில்லை. நான்கு முறை பரிந்துரை: 'ஸ்டெல்லா டல்லஸ்', 'பால் ஆஃப் ஃபயர்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'சாரி, ராங் நம்பர்'. நான்கு முறையும் தோல்வி. லூயிஸ் ரைனர், ஜோன் ஃபோன்டெய்ன், இங்க்ரிட் பெர்க்மன், ஜேன் வைமன் என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் முந்திக்கொண்டார்.

ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் நட்சத்திரங்கள் ஏதாவது ஒரு ஸ்டுடியோவின் சொத்து மாதிரி. பெட்டி டேவிஸ் என்றால் வார்னர், கிரீர் கார்சன் என்றால் எம்ஜிஎம். ஸ்டான்விக் பெரும்பாலும் எந்த ஸ்டுடியோவுக்கும் முழுசாகக் கட்டுப்படாமல், பிடித்த கதைக்குப் பிடித்த இடத்தில் நடித்தார். அதனால் பலவிதமான வேடங்கள் கிடைத்தன. 1944இல் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் என்று வருமான வரித் துறைக் கணக்கே சொன்னது, ஏறக்குறைய 4 லட்சம் டாலர். ஆனால் விருது நேரத்தில் இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று முன்னால் நிற்க ஒரு ஸ்டுடியோ இல்லை.

1937இல் 'ஸ்டெல்லா டல்லஸ்' படத்துக்காவது கொடுத்திருக்க வேண்டும். படிப்பில்லாத, பளபளவென்று உடுத்தும் தாய். மகளுக்கு நல்ல இடத்தில் வாழ்க்கை அமைய வேண்டுமென்று தானே விலகிக்கொள்கிறாள். கடைசியில் மகளின் கல்யாணத்தைத் தெருவில், மழையில், ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். போலீஸ்காரர் விரட்ட, இன்னும் ஒரு நிமிஷம் என்று கெஞ்சுகிறாள். பார்த்து முடித்ததும் நம்மை நோக்கி நடந்து வருவாள் பாருங்கள், அந்த நடையில் துக்கமே இருக்காது. ஜெயித்தவளின் நடை அது. ஒரு வசனமும் இல்லை.

கேள்வி: பிறகு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள் அல்லவா? அந்த மேடையில் அழுதது ஏன்?

1939இல் 'கோல்டன் பாய்' படத்தின் நாயகன் வில்லியம் ஹோல்டன். இருபத்தொரு வயது, கிட்டத்தட்ட புதுமுகம், பயத்தில் உளறிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ அவரை மாற்றிவிடப் பார்த்தது. ஸ்டான்விக் தடுத்தார். படப்பிடிப்பு முடிந்த பிறகு அவரை உட்காரவைத்து மறுநாள் காட்சிக்குப் பயிற்சி கொடுத்தார். ஹோல்டன் பெரிய நட்சத்திரமானார், ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் நன்றி மறக்கவில்லை. 1978 ஆஸ்கர் விழாவில் இருவரும் ஒரு விருதைக் கொடுக்க மேடை ஏறியபோது, எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, இந்தப் பெண்மணி இல்லாவிட்டால் நான் இங்கே நின்றிருக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஸ்டான்விக் திகைத்துப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

1981 நவம்பரில் ஹோல்டன் இறந்தார். 1982 மார்ச்சில் ஸ்டான்விக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். எனக்கு இது கிடைக்க வேண்டுமென்று அவன் எப்போதும் ஆசைப்பட்டான் என்று சொல்லி, என் தங்கப் பையனே என்று அந்தப் பழைய படத்தின் பெயரால் அவரை அழைத்து, உன் ஆசை நிறைவேறிவிட்டது என்றார். அவருடைய பேச்சு இணையத்தில் கிடைக்கிறது. கைக்குட்டையோடு உட்காருங்கள்.

கேள்வி: அரசியலில் அவர் கடுமையான வலதுசாரி என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். குடியரசுக் கட்சி ஆதரவாளர். ஹாலிவுட்டில் கம்யூனிச எதிர்ப்புக்கென்று தொடங்கிய அமைப்பிலும் இருந்தார். பலருடைய பிழைப்பைக் கெடுத்த காலம் அது. அவர் நின்ற பக்கம் எனக்கு உடன்பாடில்லை. நடிப்பை நேசிப்பதற்காக இதை மறைக்கவும் மாட்டேன்.

கேள்வி: எங்கள் தாத்தா அவரைக் குதிரை மேல் வரும் டிவி அம்மாவாகத்தான் நினைவு வைத்திருக்கிறார். எந்தத் தொடர்?

'தி பிக் வேலி' தம்பி. 1965 முதல் 1969 வரை, 112 பகுதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு கலிபோர்னியாவில் பெரிய பண்ணையை ஆளும் விதவை விக்டோரியா பார்க்லி. தொடங்கும்போது இவருக்கு வயது 58.

நாற்பது தாண்டிய நடிகைகளுக்கு ஹாலிவுட்டில் வேடம் வற்றிப்போகும். இவருக்கும் வற்றியது. ஆனால் தொலைக்காட்சியைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை. 1960இல் தன் பெயரிலேயே வாரம் ஒரு கதை என்று ஒரு தொடர் செய்தார். ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வந்தது. 'பிக் வேலி'க்கு இரண்டாவது எம்மி. 1983இல் 'தி தார்ன் பேர்ட்ஸ்' குறுந்தொடரில் ஆஸ்திரேலியப் பண்ணைக்காரி மேரி கார்சனாக நடித்து மூன்றாவது. அதில் ஒரு காட்சியில் இளம் பாதிரியாரிடம், உடம்புதான் கிழடு, உள்ளே இருப்பவளுக்கு இன்னும் வயசாகவில்லை என்று கொதிப்பார். எழுபத்தைந்து வயதில்! பார்க்கவே கூசும், கண்ணை எடுக்கவும் முடியாது.

குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது. 1957இல் 'ஃபார்ட்டி கன்ஸ்' படத்தில் கால் மாட்டிக்கொண்டு குதிரை தரையில் இழுத்துப் போகும் காட்சியை டூப் இல்லாமல் அவரே செய்தார். அந்த வருடம் அவருக்கு ஐம்பது.

கேள்வி: எங்கே அடக்கம் செய்தார்கள்?

கல்லறை கிடையாது. 1990 ஜனவரி 20 அன்று சான்டா மோனிகாவில் இறந்தார். வயது 82. இறுதிச் சடங்கு வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். அவர் சில வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் நடித்த, கலிபோர்னியாவின் லோன் பைன் பகுதியில் சாம்பலைத் தூவினார்கள்.

கேள்வி: அக்கா, பத்து வயது மகளோடு பார்க்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்கள். கொலை வேண்டாம்.

'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்', 1945. பத்திரிகையில் சமையல் குறிப்பு எழுதிப் புகழ் வாங்கிய பெண், புருஷன், குழந்தை, பண்ணை வீடு என்று எல்லாம் இருப்பதாக எழுதிக்கொண்டிருப்பாள். உண்மையில் அவளுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. பத்திரிகை முதலாளி ஒருநாள் விருந்துக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். எல்லார் முன்னாலும் பான்கேக்கைத் தோசைபோலத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்று வரும். உங்கள் மகள் அதை மறுபடி போடச் சொல்வாள், பாருங்கள்.