யாழ்ப்பாணத்தில் ஜாஸ் இசையோடு கவிதை சொல்லலாமா? தமிழ் அதற்கு ஒத்துவருமா?

கவிதை வாசிப்பும் நேரடி ஜாஸ் வாத்தியங்களும் சேர்ந்த ஒரு நிகழ்வை இங்கே செய்ய முடியுமா, தமிழ்க் கவிதை அந்தத் தாளத்துக்குள் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். போன பங்குனியில் எங்கள் ஊர் வாசிகசாலை மண்டபத்தில் நாங்கள் செய்தோம். கவிதை சொன்ன நான்கு பேரில் நானும் ஒருத்தி. ஒரு சக்ஸபோன், ஒரு கீபோர்ட், ஒரு பேஸ் கிற்றார், ட்ரம்ஸ். கேட்க வந்தவர்கள் அறுபது பேர் வரை இருக்கும்.

முதல் ஒத்திகை எங்களுக்குச் சரிவரவில்லை. கவியரங்கத்தில் சொல்வது போல நாங்கள் குரலை உயர்த்திச் சொன்னோம். சக்ஸபோன் வாசித்த தம்பி தேவாலயத் திருவிழா பாண்டில் பழகியவர். படப் பின்னணி இசை போல எங்களுக்குக் கீழே இடைவிடாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். கவிதையும் கேட்கவில்லை, இசையும் கேட்கவில்லை. அன்றைக்கு மண்டபத்துக்குப் பேப்பர் வாசிக்க வந்திருந்த ஒரு முதிய தவில்காரர் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், மேளச்சமாவில ரெண்டு தவில் மாறி மாறி வாசிக்கேக்க, மற்றவன் வாசிச்சதைக் கேட்டாத்தான் பதில் சொல்லலாம். நீங்கள் ஒருத்தரும் ஒருத்தரைக் கேக்கேல்லை."

அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் நிகழ்வு திரும்பியது. ஜாஸ் என்பது அடிப்படையில் கேட்டுப் பதில் சொல்கிற இசை. விடிய விடியக் கோயில் வீதியில் தனித்தவில் கேட்டு வளர்ந்த சனத்துக்கு அது அந்நியமானது இல்லை. ஒருவர் ஒரு சொற்கட்டைப் போடுவார், அடுத்தவர் அதை எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போடுவார், சபை தலையாட்டும். இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தி (1933–1975) தவிலில் செய்ததை நேரில் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைக் கண் கலங்கித்தான் சொல்வார்கள். இங்கே ஜாஸுக்கான காது இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கவிதையோடு ஜாஸ் சேர்ந்த வரலாறும் நீளமானது. லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் 1920களிலேயே, கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸின் அமைப்பைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். 1958இல் சார்ல்ஸ் மிங்கஸ் முதலான ஜாஸ் கலைஞர்களோடு தன் கவிதைகளைச் சொல்லிப் பதிவும் செய்தார். அதற்கு முந்திய வருடம் சான் பிரான்சிஸ்கோவில் த செல்லர் என்ற சிறிய ஜாஸ் விடுதியில் கென்னத் ரெக்ஸ்ரோத், லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி என்ற இரண்டு கவிஞர்களும் இதே முயற்சியைச் செய்தார்கள். ஆனால் நான் ஹியூஸில் இருந்துதான் தொடங்கச் சொல்வேன். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் துயரத்தில் இருந்து எடுத்த இசை அது. கவிதைக்குப் பூமாலை போடுவதற்காக அதை எடுத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

ப்ளூஸின் அமைப்பைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பிடி கிடைத்தது. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று. ஒவ்வொரு பாரிலும் நான்கு தட்டு. முதல் வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதிலாக வரும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். அதில் ஏறக்குறையப் பாதி இடத்தில் குரல் முடிந்துவிடும், மிச்சத்தில் வாத்தியம் பேசும். கவியரங்கத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு வரியைச் சொல்கிறோம், சபை ஒலி எழுப்புகிறது, அதே வரியை மறுபடி சொல்கிறோம், பிறகு அடுத்ததற்குப் போகிறோம். அமைப்பு கிட்டத்தட்ட அதுதான்! சபை ஒலி எழுப்புகிற இடத்தை சக்ஸபோனுக்குக் கொடுத்தோம். அவ்வளவு செய்ததும் இரண்டாவது ஒத்திகையிலேயே கவிதை எழும்பி நின்றது.

வெண்பாவில் இன்னொன்று கண்டுபிடித்தோம். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. வெண்பாவின் அடிகளில் நான்கு சீர் வரும், ஈற்றடியில் மட்டும் மூன்று. சீருக்கு ஒரு தட்டு என்று வைத்து நான்கு தட்டுப் பாருக்குள் சொல்லிப் பாருங்கள். கடைசி வரி மூன்றில் முடிய, நான்காவது தட்டு வெறுமையாக நிற்கும். எங்கள் ட்ரம்ஸ்காரர் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்த வெற்றிடத்தில் ஒரு தட்டுத் தட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். வருடக்கணக்காக வெண்பா இலக்கணம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வெற்றிடத்தை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

எல்லாக் கவிதையும் ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம். என்னுடைய இன்னொரு கவிதை, படிமம் மேல் படிமமாக எழுதிய நீண்ட புதுக்கவிதை, மேடையில் நிற்கவில்லை. புத்தகத்தில் என்றால் வாசகர் திரும்பிப் போய் வாசிப்பார். காதால் கேட்பவர் திரும்பிப் போக முடியாது. பேச்சோசை உள்ள கவிதைகள்தான் நின்றன. அந்தப் பேச்சோசையை ஈழத்துக் கவிதையில் ஆழமாக ஊன்றியவர்களில் ஒருவரான, மகாகவி என்ற புனைபெயரில் எழுதிய உருத்திரமூர்த்தி (1927–1971) அளவெட்டிக்காரர். நாதஸ்வரத்தில் பெயர் பெற்ற என். கே. பத்மநாதனின் ஊரும் அதுவே. 1980களில் கவிதா நிகழ்வு என்ற பெயரில் பலர் சேர்ந்து கவிதையை மேடையில் நிகழ்த்திய பழக்கமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆகவே கவிதையை உரத்துச் சொல்ல ஆட்களைத் தேடி நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை.

இனி அன்றைய இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களோடு கவிதை சொன்ன ஓர் அண்ணை, ஐம்பது வயது தாண்டியவர், 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வைப் பற்றி எழுதியிருந்தார். யுத்தம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன அந்த இரவு. பேஸ் கிற்றார் வாசித்தவர் அதன்பின் பிறந்த பிள்ளை. ஜாஸில் வாக்கிங் பேஸ் என்று ஒன்று இருக்கிறது. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரமாக, ஒருவர் நடந்து போவது போலவே வாசிப்பது. நடையைப் பற்றிய கவிதைக்கு அது பொருந்தும் என்று நினைத்து அவர் கேட்டார்:

"அண்ணை, எவ்வளவு வேகமா நடந்தனீங்கள்?"

"நடக்கேல்லைத் தம்பி. அரக்கி அரக்கிப் போனனாங்கள். ரெண்டு அடி வைப்பம், பிறகு நிப்பம்."

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இரண்டு சுரம் வாசித்து நிறுத்தினார். மறுபடி இரண்டு. எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அண்ணையின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். மேடையிலும் அப்படியே செய்தார்கள். ட்ரம்ஸில் குச்சியை விட்டுவிட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தார்கள். அது மழை போலவே கேட்டது. கவிதை பாலத்துக்கு வந்ததும் சக்ஸபோன் தனியாக வாசிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவர் வாத்தியத்தை வாய்க்குக் கொண்டு போனார், பிறகு கீழே இறக்கிவிட்டார். ஒருவரும் ஒன்றும் வாசிக்கவில்லை. அண்ணையும் பேசவில்லை. முன்வரிசைக் கதிரையில் இருந்த அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு பேஸ் அந்த இரண்டு சுரத்தையும் மறுபடி தொடங்கியது, அண்ணை மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

நிகழ்வு முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது சக்ஸபோன் தம்பியிடம் கேட்டேன். "அந்த இடத்தில வாசிக்க வரேல்லை அக்கா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மேடையில் நடந்ததில் மிகச் சிறந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் செய்வதென்றால் சில விசயங்கள். தகரக் கூரை மண்டபம் என்றால் ட்ரம்ஸ் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பிரஷ் மட்டும் போதும், பேஸ் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். கவிதைப் பிரதியை வாத்தியக்காரருக்கு ஒரு கிழமை முந்தியே கொடுங்கள், மூச்சு விடுகிற இடத்தில் ஒரு கோடு போட்டு. மூன்று ஒத்திகை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டால் மேடையில் ஒருவரை ஒருவர் கேட்க மறந்துவிடுவீர்கள். ஆரம்பத்தில் ஒரு கவிஞர், ஒரு பேஸ் கிற்றார் என்று தொடங்குவதுதான் நல்லது.

அடுத்த முறை அந்தத் தவில்காரரும் எங்களோடு சேர்கிறார். தவிலின் சத்தம் அந்த மண்டபத்துக்கு அதிகம். அவரே வழி சொல்லியிருக்கிறார்: ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பாய் போட்டு இருந்து வாசிக்கிறாராம்.