தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுதானா? அது எப்படி வந்தது, எப்படிப் பாடவேண்டும்?

ஆமாம், அதே மெட்டுதான். முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே’ அமைந்திருப்பது ‘காட் சேவ் த கிங்’ மெட்டில். ‘குயீன்’ என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், அது பொருந்தாது. தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது 1835 தீபாவளியன்று; விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837-ல். அவர் வாழ்நாளில் அந்தப் பாட்டு ராஜாவைத்தான் வாழ்த்திக்கொண்டிருந்தது.

மெட்டு தீட்சிதர் பிறந்த திருவாரூருக்கு நேராக வந்துவிடவில்லை, நடுவில் மணலி இருக்கிறது. தந்தை ராமசுவாமி தீட்சிதரை மணலி முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்தார், குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் மணலிக்குக் குடிபெயர்ந்தது. முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்பாளர்களாக நடுவில் நின்றவர்கள். அதனால் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போக வர வழி இருந்தது, அங்கே வாசித்த பேண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் சகோதரர்களால் கேட்க முடிந்தது. தம்பி பாலுசுவாமி அங்கிருந்த ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் முறையாகப் பிடில் கற்றுக்கொண்டார். இன்று கச்சேரி மேடையில் வயலின் உட்கார்ந்திருப்பதற்கு முதல் காரணங்களில் ஒன்று இந்தக் கோட்டைத் தொடர்புதான். அண்ணனுக்கு அதே தொடர்பு மெட்டுகளைக் கொடுத்தது.

இப்படி மெட்டுக்கு அவர் சாஹித்யம், அதாவது பாட்டின் சொற்கள், எழுதியவை சுமார் நாற்பது. நோட்டு ஸ்வரம் என்று பெயர், ‘நோட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நோட்டு ஆயிற்று. மதுரை மணி ஐயர் பாடிப் புகழ்பெற்ற ‘இங்கிலீஷ் நோட்டு’ இதில் சேராது. அது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடையது, நூறாண்டு பிந்தியது. நோட்டு ஸ்வரங்களின் மூல மெட்டுகளைப் பார்த்தால் பட்டாளக்காரர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பது தெரிந்துவிடும். ‘ஜகதீச குருகுஹ’ ஸ்காட்லாந்தின் ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’, ‘வந்தே மீனாக்ஷி’ அயர்லாந்தின் ‘லிமெரிக்’, ‘கமலாஸன வந்தித’ இங்கிலாந்தின் ‘கேலபீட்’ நடனம்.

‘ச்யாமளே மீனாக்ஷி’யைக் கேட்டதும் குழந்தைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று கூவுவார்கள். ஸ ஸ ப ப த த ப, ம ம க க ரி ரி ஸ. கூவட்டும், தப்பில்லை. ஆனால் அந்த மெட்டை மொஸார்ட் போட்டார் என்பது தவறு. அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மொஸார்ட் அதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மாறுதல்கள் எழுதினார், அவ்வளவுதான். ‘ட்விங்கிள்’ கவிதை ஜேன் டெய்லருடையது, அச்சானது 1806-ல்.

இனி ‘சந்தத’த்துக்கு வருகிறேன். ஆங்கில மெட்டை ஸ்வரப்படுத்தினால் இப்படி வரும். கோட்டுக்குக் கோடு ஒரு கட்டம், காற்புள்ளி முந்தைய ஸ்வரத்தின் நீட்சி, ஒரு தட்டுக்கு இரண்டு அக்ஷரம். இரண்டாவது கட்டத்திலும் ஐந்தாவது கட்டத்திலும் வரும் நி மந்தர (கீழ்) ஸ்தாயி, மற்றவை மத்ய (நடு) ஸ்தாயி.

ஸ , ஸ , ரி , | நி , , ஸ ரி , | க , க , ம , | க , , ரி ஸ , | ரி , ஸ , நி , | ஸ , , , , , ||
ப , ப , ப , | ப , , ம க , | ம , ம , ம , | ம , , க ரி , | க , ம க ரி ஸ | க , , ம ப , | த ம க , ரி , | ஸ , , , , , ||

முன்பாதி ஆறு, பின்பாதி எட்டு, ஆகப் பதினான்கு கட்டம். இந்த ஒழுங்கற்ற சட்டத்துக்குள் ஸம்ஸ்கிருதத்தை எப்படி உட்கார வைத்திருக்கிறார் என்பதைத்தான் நான் எல்லோரையும் கவனிக்கச் சொல்வேன். ‘காட் சேவ் அவர் க்ரேஷஸ் கிங்’ என்பதில் ஆறு அசை. ‘ஸந்-த-தம் பா-ஹி-மாம்’ என்பதிலும் ஆறு. ‘ஸங்-கீ-த ச்யா-ம-ளே’ மறுபடி ஆறு. அடுத்து ‘ஸர்வாதாரே ஜனனி’ ஏழு அசை, மெட்டிலோ நான்கே ஸ்வரம். ரி, ஸ, நி மூன்றையும் இரண்டிரண்டாக உடைத்து ஸர்-வா, தா-ரே, ஜ-ன என்று சொல்லி ‘னி’யை ஸட்ஜத்தில் நிறுத்தினால் சரியாக உட்காரும். பின்பாதியில் ‘சிந்திதார்த்தப்ரதே’ ஆறு, ‘சித்ரூபிணி சிவே’ ஆறு. ‘ஸ்ரீ குருகுஹ ஸேவிதே’ எட்டு அசை, அங்கே மெட்டிலும் எட்டு ஸ்வரம். பாட்டில் அவர் வைக்கும் கையெழுத்தான குருகுஹ முத்திரையும் அதிலேயே வந்துவிடுகிறது.

எதுகை எங்கே விழுகிறது பாருங்கள். முன்பாதி ‘ஸந்த’ என்று தொடங்குகிறது, பின்பாதி ‘சிந்தி’ என்று தொடங்குகிறது. மெட்டு பஞ்சமத்துக்குத் தாவும் அதே இடத்தில் த்விதீயாக்ஷர ப்ராஸம். பல்லவியும் சரணமும் இல்லாத வெளிநாட்டு மெட்டில் அதன் மூட்டு எது என்று கண்டுபிடித்து அங்கே எதுகையை வைத்திருக்கிறார். பொருளும் தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. ‘கடவுளே, ராஜாவைக் காப்பாற்று’ என்ற இடத்தில் ‘பாஹி மாம்’, என்னைக் காப்பாற்று. கேட்கப்படுபவள் ஸங்கீத ச்யாமளை, வீணை ஏந்திய தேவி. ராஜா இருந்த இடத்தில் பக்தன் நிற்கிறான். வெள்ளைக்காரரைக் குளிர்விக்க எழுதியது என்று சொல்பவர்கள் இந்த வரியை ஒருமுறை பொருள் தெரிந்து படிக்கவேண்டும்.

பாடும்போது நடக்கும் தவறுகளில் பெரியது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. எல்லா நோட்டு ஸ்வரங்களும் சங்கராபரணத்தின் ஸ்வரஸ்தானங்களில் இருக்கின்றன என்பதால் கற்றவர் குரல் தானாகவே மத்யமத்தை அசைக்கும், நிஷாதத்தை ஸட்ஜம் நோக்கி இழுக்கும். இங்கே அது கூடாது. நெட்டையாக, ஹார்மோனியக் கட்டையை அழுத்தினாற்போல் நிற்கவேண்டும். மெட்டின் அழகு ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வைக்கும் காலடியில் இருக்கிறது. இழுத்தால் அது மறைந்துவிடும். இதே தீட்சிதர் கீழ்வேளூர் ‘அக்ஷயலிங்க விபோ’வில் சங்கராபரணத்தை எப்படி விரித்திருக்கிறார் என்று கூடவே கேளுங்கள், இரண்டும் வேறு உலகம் என்பது ஐந்து நிமிஷத்தில் புரியும்.

அடுத்தது தாளம். எட்டுத் தட்டுள்ள ஆதி தாளம் போட்டால் ஒட்டாது. பதினான்கு கட்டம், கட்டத்துக்கு மூன்று தட்டு, மொத்தம் நாற்பத்திரண்டு, எட்டில் அடங்காது. திஸ்ர ஏகம் போடுங்கள், ஒரு தட்டு, இரண்டு விரல். கட்டத்துக்கு ஓர் ஆவர்த்தனம்.

மூன்றாவது, இரண்டாம் கட்டத்தின் நிஷாதம். அது ஒன்றரைத் தட்டு நிற்கவேண்டும், ஸட்ஜம் அரைத் தட்டு. பெரும்பாலான பிள்ளைகள் நி, ஸ, ரி மூன்றையும் சமமாகப் பாடிவிடுவார்கள், நடை மொட்டையாகிவிடும். நான்கு, எட்டு, பத்து, பன்னிரண்டாம் கட்டங்களிலும் இதே ஒன்றரை–அரைதான். சொல்லே வேண்டாம், முதலில் தாளத்தோடு ‘தா’காரத்தில் பத்துத் தடவை பாட வைத்தால் தன்னால் சரியாகும்.

ஏழாம் கட்டத்தில் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவும்போது நடுவில் எதையும் தடவக்கூடாது. ஆறாம் கட்டத்தின் ஸட்ஜத்தை அரைத் தட்டு முன்னால் விட்டு மூச்செடுங்கள்.

எல்லை மந்தர நிஷாதம் முதல் மத்ய தைவதம் வரைதான், ஒரு ஸ்தாயிகூட இல்லை. சரளி வரிசை முடித்த குழந்தை தன் சுருதியிலேயே சிரமமில்லாமல் பாடலாம். வயலினில் இன்னும் எளிது: மந்தர பஞ்சமத் தந்தியில் அந்த நிஷாதம் மட்டும், ஸட்ஜத் தந்தியில் ஸ ரி க ம, மேல் பஞ்சமத்தில் திறந்த தந்தியும் தைவதமும்.