மகள் போட்ட கையெழுத்துக்கு நான் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. எங்களிடம் சொல்லாமல் ஒரு வருட ஒப்பந்தம் போட்டு ஜிம்மில் சேர்ந்திருக்கிறாள். படிவத்தில் வயதை 18 என்று எழுதிவிட்டாள். ஒரே மாதத்தில் நின்றும் விட்டாள். மீதி 11 மாதப் பணத்தைக் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஜாமீன்தாரர், பெற்றோர் என்று எங்காவது உங்கள் கையெழுத்து இருந்தால் அவர்களுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். இல்லையென்றால் பதற வேண்டாம்; பிள்ளை செய்த ஒப்பந்தத்துக்குப் பெற்றவர் பொறுப்பில்லை.

மகள் விஷயத்துக்கு வருவோம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தியாவில் மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஒரு மைனர் சொத்தை அடமானம் வைத்து வட்டிக்காரரிடம் கடன் வாங்கிய வழக்கில் 1903-லேயே பிரிவி கவுன்சில் (அப்போது இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதைச் சொல்லிவிட்டது. பையன் மைனர் என்று தாயார் தரப்பிலிருந்து முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. கடைசியில் அடமானமும் செல்லாமல் போயிற்று, வட்டிக்காரர் கொடுத்த பணமும் அவருக்குத் திரும்பவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொதுவாக மைனர் விரும்பினால் விலகிக்கொள்ளலாம். ஆனால், வயதை மாற்றி எழுதியது சில அமெரிக்க மாநிலங்களில் அவளுக்கு எதிராகத் திரும்பலாம். (அதைப் பற்றி வீட்டிலும் அவளிடம் பேசுவீர்கள் என்று நம்புகிறேன்.)

உணவு, உடை, படிப்பு மாதிரி அத்தியாவசியங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதிலும் தேவை இருந்ததா என்று பார்ப்பார்கள். 1908-ல் இங்கிலாந்தில் ஒரு தையற்காரர், கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் வாங்கிய துணிகளுக்குப் பணம் கேட்டு வழக்காடினார். அதில் வெய்ஸ்ட்கோட் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கோட்டு) மட்டும் 11! பையனிடம் ஏற்கெனவே போதுமான உடை இருந்தது என்று அப்பா சாட்சி சொல்ல, தையற்காரர் தோற்றார். ஜிம்மை அத்தியாவசியம் என்று வாதாட அதைவிடத் துணிச்சல் வேண்டும்.

நீங்கள் உஷாராக இருக்க வேண்டியது மகளின் 18-வது பிறந்தநாளுக்கு அப்புறம்தான். அதன்பின் ஒரு தவணை கட்டினாலும், மறுபடி ஜிம்முக்குப் போனாலும், இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களில் பழைய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் அப்படி ஏற்க வழியில்லை. ஆனால் புதுப் படிவம் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அது செல்லும்.

அதனால் இந்த வாரமே மகள் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: 'கையெழுத்துப் போட்டபோது எனக்கு வயது 17, ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்.' கூடவே பிறப்புச் சான்றிதழ் நகல். அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போய்வந்த ஒரு மாதத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம், போகட்டும்.