பிங் போகிறது, பேக்நெட் கருவிகள் மட்டும் தெரியவில்லை
கட்டடத்தின் ஏசி போன்ற கருவிகள் பேசிக்கொள்ளும் பேக்நெட் நெட்வொர்க்கில், சர்வரிலிருந்து ஏஹெச்யு (காற்றைப் பதப்படுத்தி அனுப்பும் பெரிய ஏசி யூனிட்) கன்ட்ரோலர்களுக்குப் பிங் போகிறது, ஆனால் ஹூ-ஈஸ் (‘யார் யார் இருக்கிறீர்கள்’ என்று கேட்கும் பேக்நெட் செய்தி) அனுப்பினால் ஒன்றிலிருந்தும் பதில் இல்லை என்கிறீர்கள். சர்வர் வேறு சப்நெட்டில் இருக்கிறதே, அதுதான் காரணம். ஹூ-ஈஸ் பிராட்காஸ்டாக, அதாவது சப்நெட்டில் உள்ள எல்லாருக்குமாகப் போவதால் ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. கன்ட்ரோலர் பக்கம் ஏதாவது ஒன்றில் பிபிஎம்டியை (பிராட்காஸ்டை வேறு சப்நெட்டுக்குக் கடத்திவிடும் வசதி) இயக்குங்கள். ஒரு சப்நெட்டுக்கு ஒன்றே ஒன்றுதான், இரண்டு வைத்தால் பிராட்காஸ்ட் இரட்டிக்கும், அதில் ரொம்பக் கவனம். அப்புறம் சர்வர் மென்பொருளில் அந்த பிபிஎம்டியின் ஐபியைக் கொடுத்து, சர்வரை ஃபாரின் டிவைஸாக (வேறு சப்நெட்டிலிருந்து சேரும் கருவியாக) பதிவு செய்யுங்கள், ஃபயர்வாலில் யூடிபி 47808 இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். பதிவுக்குக் காலக்கெடு உண்டு, அது முடியும் முன்பே மென்பொருள் தானாகப் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள்.

கருவிகள் தெரிந்ததும் எல்லாவற்றையும் நொடிக்கொரு முறை வாசிக்க வைத்துவிடாதீர்கள். எம்எஸ்-டிபி வயரில் (பேக்நெட்டின் மெதுவான சீரியல் இணைப்பு) தொங்கும் விஏவிகள் (அறைக்குப் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிகள்) 38400 பாட் வேகத்தில் திணறிப்போகும். அறை வெப்பநிலைக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை தாராளமாகப் போதும்.