பாட்டு டீச்சரிடம் கேளுங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச இசை

பினாங்குத் தமிழ்ப்பள்ளியில் இசை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். வாய்ப்பாட்டு, பள்ளி இசைப்பாடம் பற்றிக் கேளுங்கள்.

பட்டர்வொர்த் அம்மா: வாரத்தில் அரை மணி இசைப்பாடம். அதில் என்ன வந்துவிடும், டீச்சர்?
பாடகர் வரமாட்டார். ஆனால் வகுப்பு முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டும். 1983இல் புதிய பாடத்திட்டத்தோடு இசை தொடக்கப்பள்ளிக்கு வந்தபோது கிடைத்த பெரிய லாபமே அதுதான்: வசதியுள்ளவன், இல்லாதவன், குரல் உள்ளவன், இல்லாதவன் எல்லோரும் உள்ளே. ஆனால் போட்டி வந்தால் எட்டுப் பேரைப் பொறுக்கிவிட்டு மற்றவர்களை வாயசைக்கச் சொல்கிறோம். நானும் செய்திருக்கிறேன். "குரல் இல்லை" என்று நான் ஒதுக்கிய ஒரு பையன், சுருதியை இறக்கி வைத்ததும் சுத்தமாகப் பாடினான். குறை என் சுருதியில் இருந்தது. பிள்ளைக்கு எட்டாத சுருதியில் கத்தவிடாதீர்கள்.

பிறை அப்பா: இசை கற்றால் மூளை வளருமாமே?
அந்தப் பேச்சு ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது: 1993இல் மோசார்ட் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஒருவகைப் புதிரில் சில நிமிடங்கள் கூடுதல் திறமை தெரிந்தது. அவ்வளவுதான். அவர்கள் குழந்தைகள் இல்லை, இசை கற்கவும் இல்லை.

பள்ளி இசைப்பாடத்துக்கு எந்த ரிக்கார்டர் குழல் வாங்க?
ஜெர்மன், பரோக் என்று இரண்டு விரல்முறை உண்டு. பள்ளியில் கேட்டு வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: தைப்பூசத்தில் காதைப் பிளக்கும் உருமி மேளப் பையன்களும் இசை மாணவர்களா?
ஆமாம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைத்து, மறுமுகத்தை அடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு வேலை. அண்ணனைப் பார்த்துத் தம்பி கற்கிறான், ஃபீஸ் கிடையாது. இலவச இசைக்கல்வி, நம் தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே வாசகர்: சரளி வரிசை தெரியாதவனுக்கு இசை ஏது?
கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. அந்தப் பையனுக்கு எட்டு எண்ணத் தெரியாது என்றா சொல்கிறீர்கள்?

இன்னொருவர்: அப்படியானால் தேவாரம் எதற்கு, டீச்சர்?
இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்! தேவாரத்தில் நட்டபாடைப் பண் படித்த பிள்ளை, கர்நாடக இசையில் நாட்டை ராகத்தின் வாசலில் நிற்கிறது. அதுவும் பல கோயில்களில் காசில்லாமல் கிடைக்கிறது. அங்கேயும் அதே தொல்லைதான்: சொல்லிக்கொடுப்பவர் தன் குரலுக்குச் சுருதி வைக்கிறார், பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துகின்றன.

மூளை வளர்ச்சிக்கு எந்த ராகம் நல்லது?
மேலே பாருங்கள், ஐயா.

பியானோ கிரேடு தேர்வு?
என் துறை இல்லை. பியானோ ஆசிரியரைக் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: சரி, உருமியைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?
உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். தலைமையாசிரியரிடம் பேசி, சனிக்கிழமை காலை ஒருவரை வரச்சொல்லுங்கள். திடலில் வைத்துக்கொள்ளுங்கள், மூடிய வகுப்பறையில் வேண்டாம். காதைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான்.