நண்பர்களுக்குள் மட்டும் படங்கள் பகிர, ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக வலைத்தளம் எது நல்லது?

உங்களுக்கும் எங்களைப் போலப் பத்து இருபது பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். பிரெண்டிகா. முகநூல் மாதிரியான மென்பொருள் அது, யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில், அதாவது பதிவுகளும் படங்களும் இருக்கும் கணினியில், வைத்து நடத்தலாம். ஆனால் பெயரைப் பார்க்கும் முன், சர்வரை யார் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்த பதினேழு பேர் இன்று கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டோம். முகநூலில் குழு வைத்திருந்தோம். அண்ணன், மச்சான், அவருக்குத் தெரிந்தவர் என்று சேர்த்துச் சேர்த்து அது நானூறு பேரைத் தாண்டியது. ஒரு தோழி மகளின் சடங்குப் படத்தை அதில் போட்டாள். இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளையின் முகம் யாரோ ஒரு அலங்காரக்காரரின் விளம்பரத்தில் வந்தது. தோழி அதன்பின் எதையும் போடவில்லை.

அப்புறம்தான் டயஸ்போராவுக்குப் போனோம். அதுவும் இப்படிப் பலர் தனித்தனி சர்வரில் நடத்தும் வலைத்தளம்தான். 2010இல் நியூயார்க்கில் நான்கு மாணவர்கள் தொடங்கியது. பதிவு போடும்போதே எந்த வட்டத்துக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். அது எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் இலவசமாக நடத்திய சர்வரில் சேர்ந்தோம். ஒரு நாள் காலையில் பக்கம் திறக்கவில்லை. மூடிவிட்டார். இரண்டு வருடப் படங்கள் போயின. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ரப்பர் பால்வாளியோடு என் அப்பா நிற்கும் படமும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை.

இப்போது கூட்டாளியின் மகன் ஈப்போவிலிருந்து எங்களுக்காக பிரெண்டிகா நடத்துகிறான். ஆளுக்கு மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). மாதம் ஒருமுறை ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுக்கிறான். எல்லாரும் ஒரே சர்வரில்தான் இருக்கிறோம். ஏனென்றால், வேறு சர்வரில் ஒரு நண்பர் இருந்தால் தனிப்பதிவின் பிரதி அங்கேயும் போய்விடும். நாம் அழித்தாலும் அங்கே அழியும் என்று நிச்சயமில்லை.

இதே போலப் பல சர்வர்களில் ஓடும் மாஸ்டடான் ஏன் கூடாது என்று கேட்பார்கள். ஊரோடு பேச அது நல்ல இடம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் அனுப்பும் தனிச்செய்தியைச் சர்வர்காரர் நினைத்தால் படிக்கலாம். பிரெண்டிகாவிலும் அப்படித்தான், அதனால்தான் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன். டுவிட்டர் மாதிரியான புளூஸ்கையில் பதிவுகள் எல்லாம் பொதுவில்தான். செய்தி அனுப்பும் மேட்ரிக்ஸில் பூட்டு பலமானது, பூட்டிய செய்தியைச் சர்வர்காரரும் படிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அரட்டைக்கு ஏற்றது. பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவியைத் தொலைத்தால் பழைய செய்திகளைத் திறக்க முடியாது. எங்கள் அக்காமார்களுக்கு அது ஒத்துவராது.

படம் படம் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தை விற்றபோது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளையோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகையையோ யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து பால் வெட்டிய இடத்தில் இன்று கேட் போட்ட வீடமைப்பு. போன தீபாவளிக்குப் போனேன். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று காவலாளி கேட்டார். சொல்ல ஒரு பெயரும் இல்லை, திரும்பி வந்துவிட்டேன்.

சரி, உங்கள் கூட்டத்தில் சர்வர் வைக்கத் தெரிந்தவர் இருந்தால் கீழே எழுதுங்கள். ஈப்போவில் இருக்கும் அந்தத் தம்பியிடம் கேட்டு, அவன் அமைத்த முறையை அனுப்பி வைக்கிறேன்.