குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர், எனக்கு அப்படித் தெரியவில்லை

கேள்வி: எனக்கு 34 வயது, பள்ளி ஆசிரியை. ஆறு வருடமாக சொரியாசிஸ். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் தலையிலும் முழங்கையிலும் அப்படியேதான் இருக்கிறது, போர்டில் எழுதக் கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி களிம்பு பூசினால் தலையணை உறையெல்லாம் பிசுக்கு, தார் வாடை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. மாமியார் என் துண்டைத் தனியாக வைக்கச் சொல்கிறார். வைத்தியத்தை நிறுத்திவிடலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி, ஆனால் இதே மாதிரி தொடரவும் வேண்டாம். உங்கள் டாக்டர் பொய் சொல்லவில்லை, அவர் தோலைப் பார்த்துச் சொல்கிறார். நீங்கள் எனக்கு எழுதிய தலையணை, போர்டு, காதுகுத்து எதையும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். புறநோயாளி வரிசையில் கிடைக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் யாருக்குத்தான் சொல்ல வருகிறது?

ஆனால் அதெல்லாம் வைத்தியத்துக்கு வேண்டிய தகவல்தான். பிரிட்டனில் கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் 1994-இல், தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள், டிஎல்க்யூஐ என்பார்கள், இன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. போன ஒரு வாரத்தில் அரிப்பு எப்படி, கூச்சம் எப்படி, என்ன உடுத்துவது என்பதை இது மாற்றியதா, வேலையில், தாம்பத்தியத்தில் சிக்கல் உண்டா என்று கேட்டுக்கொண்டே போய், பத்தாவது கேள்வியாக, வைத்தியமே உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு, வீடு அழுக்காகிறதா, நேரம் போகிறதா என்று கேட்கிறது. உங்கள் பிசுக்குத் தலையணைக்கு அதில் மதிப்பெண் உண்டு! மொத்தம் 30. பத்தைத் தாண்டினால், தோலில் படை கொஞ்சமாக இருந்தாலும் நோயைத் தீவிரம் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது பல தோல் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. தலை, முகம், உள்ளங்கை, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் வந்து களிம்புக்கு அடங்காவிட்டால், அளவு சிறிதானாலும் அடுத்த கட்ட மருந்தை யோசிப்பார்கள்.

அதனால் அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தக் களிம்பு எனக்கு ஒத்துவரவில்லை, தலைக்கு லோஷனோ ஜெல்லோ தர முடியுமா என்று நேராகவே கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று தடவை கொடுக்கும் புற ஊதா ஒளி சிகிச்சை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, இடையிடையே ரத்தப் பரிசோதனையும் வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மருந்து கர்ப்பத்தில் கூடவே கூடாது. அப்புறம், ஸ்டீராய்டு களிம்பை நிறைய இடத்தில் ரொம்ப நாளாகப் பூசி வந்திருந்தால் வெறுத்துப்போய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், திரும்பிப் பலமாகக் கிளம்பும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

படை அடங்கிய இடத்தில் நம் நிறத்துக்குக் கருமையோ வெளுப்போ சில மாதம் தங்கும். அது நோய் மிச்சமிருப்பதால் இல்லை, தானாக மங்கும், அதைத் தேய்க்கவோ சுரண்டவோ செய்யாதீர்கள், காயம்பட்ட இடத்தில் புதிதாகப் படை வரக்கூடும்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன், இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. சொரியாசிஸ் தொற்றாது. துண்டால் தொற்றாது, சோப்பால் தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால் வருவது. நீங்கள் சொன்னால் மாமியார் கேட்கமாட்டார் என்றால் கணவரையும் அவரையும் ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள், அவர் வாயால் கேட்கட்டும்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைத்துக்கொள்கிறதா, குதிகால் வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள், இந்த நோய் மூட்டையும் பிடிக்கக்கூடியது.